எந்த ஹார்ட் டிஸ்க் வாங்கலாம்?

- மூன்றாம் ஆண்டு மாணவர், மின்னணுவியல் பிரிவு



"வீட்டுக்குக் கம்ப்யூட்டர் போடப் போறேன், எந்த ஹார்ட் டிஸ்க் நல்லா உழைக்கும்?" என்று நம்ம ஹாஸ்டலில் ஒரு சத்தம் கொடுத்துப் பாருங்கள். "கண்ணை மூடிக்கிட்டு சீகேட் எடு" என்பான் ஒருவன். "அய்யய்யோ, எங்க மாமா வீட்டுல சீகேட் ஆறே மாசத்துல படுத்துருச்சு, டபிள்யூடிதான் எடுக்கணும்" என்பான் அடுத்தவன். "ஜப்பான்காரன் சரக்குடா, தோஷிபா!" என்று மூன்றாவது குரல் மேல் பெர்த்தில் இருந்து வரும். மூன்று பேருமே பொய் சொல்லவில்லை. ஆனால் மூன்று பேர் சொன்னதைக் கூட்டிப் பெருக்கினாலும் ஒரு முடிவுக்கு வர முடியாது. ஏன் முடியாது, பிறகு எப்படித்தான் தேர்ந்தெடுப்பது என்பதை நமக்குப் புரிகிற மாதிரி சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கீபோர்டு போனால் வேறு கீபோர்டு. மானிட்டர் போனால் வேறு மானிட்டர். ஹார்ட் டிஸ்க் போனால்? அதே அளவில் புதுசு கிடைக்கும். ஆனால் அதற்குள் இருந்த ப்ராஜக்ட் ரிப்போர்ட்டும், ஆறு மாசம் உட்கார்ந்து போட்ட ஆட்டோகேட் டிராயிங்கும், அக்கா கல்யாண ஃபோட்டோவும், காலமாகிவிட்ட தாத்தாவின் ஒரே ஒரு வீடியோவும் எந்தக் கடையிலும் கிடைக்காது. அதனால்தான் கம்ப்யூட்டரில் மற்ற எதையும் விட இதை யோசித்து வாங்க வேண்டும்.

பெட்டிக்குள் என்ன நடக்கிறது?

1956-இல் ஐபிஎம் கம்பெனி வெளியிட்ட முதல் டிஸ்க் டிரைவில், 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள் இருந்தன. பீரோவை விடப் பெரிய அந்தப் பெட்டியின் கொள்ளளவு சுமார் 5 மெகாபைட். இன்று நம் செல்போன் எடுக்கும் ஒரு ஃபோட்டோவுக்கே அது சரியாகப் போய்விடும்! இன்றைய டிரைவ் உள்ளங்கையில் அடங்குகிறது. ஆனால் தத்துவம் அதேதான். காந்தப் பூச்சு பூசிய தட்டு சுழல்கிறது, அதன் மேல் ஒரு ஹெட் நகர்ந்து எழுதுகிறது, படிக்கிறது.

நாம் டிப்ளமோ படிக்கிறவர்கள், ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நிமிடத்துக்கு 7,200 சுற்று என்றால் வினாடிக்கு 120 சுற்று. மூன்றரை அங்குல டிரைவின் தட்டு விட்டம் ஏறக்குறைய 95 மி.மீ. அப்படியானால் தட்டின் ஓரத்தின் வேகம் வினாடிக்கு சுமார் 36 மீட்டர், அதாவது மணிக்கு 129 கிலோமீட்டர். இந்த வேகத்தில் ஓடும் தட்டுக்கும் ஹெட்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி சில நானோமீட்டர் மட்டுமே. ஒரு தலைமுடியின் தடிமன் 50,000 நானோமீட்டருக்கு மேல்! தட்டோடு சேர்ந்து சுழலும் காற்றுப் படலத்தின் மீது ஹெட் மிதக்கிறது. ஓடும்போது ஒரு தட்டு தட்டினால் ஹெட் தட்டில் உரசுகிறது. உரசின இடத்தில் இருந்த தகவல் பூச்சோடு சேர்ந்து பொடியாகிறது.

எஸ்எஸ்டி என்பது வேறு ஜாதி. அதில் சுழல்வதும் இல்லை, மிதப்பதும் இல்லை. ஃபிளாஷ் சிப்புகளில் மின்னூட்டமாகத் தகவல் சேமிக்கப்படுகிறது. கீழே விழுந்தாலும் பெரும்பாலும் தாங்கும், வேகமும் பல மடங்கு. ஆனால் அதற்கும் தனி வியாதிகள் உண்டு. அதைப் பின்னால் பார்ப்போம்.

பிராண்டா, மாடலா?

ஒரு காலத்தில் டிரைவ் செய்த கம்பெனிகள் ஏராளம். கானர், குவாண்டம், மேக்ஸ்டர், ஐபிஎம், ஃபுஜிட்சு, சாம்சங், ஹிட்டாச்சி என்று பட்டியல் நீளும். கானரை 1996-இல் சீகேட் வாங்கியது. குவாண்டத்தின் டிஸ்க் பிரிவை 2001-இல் மேக்ஸ்டர் வாங்க, அந்த மேக்ஸ்டரையே 2006-இல் சீகேட் விழுங்கியது. சாம்சங்கின் ஹார்ட் டிஸ்க் பிரிவும் 2011-இல் அங்கேதான் போனது. ஐபிஎம்மின் பிரிவு ஹிட்டாச்சிக்குப் போய், அங்கிருந்து 2012-இல் வெஸ்டர்ன் டிஜிட்டலுக்குப் போனது. ஃபுஜிட்சுவின் பிரிவு 2009-இல் தோஷிபாவிடம் சேர்ந்தது. ஆக, சுழலும் தட்டு டிரைவ் செய்பவர்கள் இன்று உலகத்திலேயே மூன்று பேர்தான்: சீகேட், வெஸ்டர்ன் டிஜிட்டல், தோஷிபா. மூவரில் யாரும் முழு உத்தமரும் இல்லை, முழு மோசமும் இல்லை.

இதற்கு இரண்டு சம்பவங்களே சாட்சி. ஐபிஎம்மின் டெஸ்க்ஸ்டார் வரிசைக்கு நல்ல பெயர் இருந்தது. 2000-ஆம் ஆண்டு வந்த 75ஜிஎக்ஸ்பி என்ற மாடல் மட்டும் வரிசையாகப் படுத்தது. ஜனங்கள் டெஸ்க்ஸ்டாரை "டெத்ஸ்டார்" என்றே அழைக்க ஆரம்பித்தார்கள். 2001-இல் அமெரிக்காவில் வழக்கே போட்டார்கள். அடுத்தது, அமெரிக்காவின் பேக்பிளேஸ் என்ற ஆன்லைன் பேக்கப் கம்பெனி. இவர்கள் தங்களிடம் ஓடும் ஆயிரக்கணக்கான டிரைவ்களின் பழுதுக் கணக்கை 2013 முதல் வெளிப்படையாகப் போட்டு வருகிறார்கள். சீகேட்டின் 3 டிபி மாடல் ஒன்றை 2012-இல் வாங்கிப் போட்டார்கள். 2015 மார்ச்சுக்குள் அவற்றில் மிகப் பெரும்பாலானவை பழுதாகிவிட்டன, அல்லது கழற்றப்பட்டுவிட்டன. அதே கம்பெனியின் 4 டிபி மாடலோ அவர்களிடமே எவ்வளவோ மேலாக ஓடியது!

ஆகவே "எந்தக் கம்பெனி?" என்று கேட்பதை விட "எந்த மாடல்?" என்று கேட்பதே சரி. அதே மாடலை நிறையப் பேர் வாங்கி ஒரு வருஷமாவது ஓட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள். மாமா வீட்டு டிரைவ் ஒன்றே ஒன்று. ஒன்றை வைத்துச் சராசரி போட முடியாது என்பது முதலாண்டுக் கணக்குப் பாடம்.

பத்து லட்சம் மணி நேரம் உழைக்குமா?

சில டிரைவ்களின் விவரக் குறிப்பில் எம்டிபிஎஃப் 10 லட்சம் மணி நேரம் என்று போட்டிருக்கும். வகுத்துப் பார்த்தால் 114 வருஷம்! பேரனுக்கும் கொள்ளுப் பேரனுக்கும் எழுதி வைக்கலாம் போலிருக்கிறதே என்று மயங்க வேண்டாம். ஒரு டிரைவ் 114 வருஷம் ஓடும் என்பது அதன் அர்த்தமில்லை. ஒரு வருஷத்துக்கு 8,760 மணி நேரம். அதைப் பத்து லட்சத்தால் வகுத்தால் 0.88 சதவீதம் வரும். அதாவது ஆயிரம் டிரைவ் ஓடினால், வருஷத்துக்கு ஒன்பது போகும் என்று கம்பெனி கணக்குப் போடுகிறது.

நிஜத்தில்? அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இருவர் 2007-இல் ஒரு லட்சம் டிரைவ் அளவிலான பதிவேடுகளை ஆராய்ந்தார்கள். வருஷத்துக்கு 2 முதல் 4 சதவீதம் மாற்றப்படுவது சகஜம், சில இடங்களில் 13 சதவீதம் வரை என்று கண்டார்கள். பேக்பிளேஸின் 2024-ஆம் ஆண்டுக் கணக்கு 1.57 சதவீதம். இப்போது நிலைமை தேவலை. ஆனாலும் அது குளுகுளு அறையில், சுத்தமான மின்சாரத்தில் ஓடும் டிரைவ்களின் கணக்கு.

மெக்கானிக்கல் நண்பர்களுக்கு "பாத்டப்" வளைவு தெரிந்திருக்கும். பிறவிக் கோளாறு உள்ளவை ஆரம்பத்திலேயே போகும், நடுவில் அமைதி, தேய்மானம் வந்ததும் மறுபடி ஏறும். பேக்பிளேஸ் 2013-இல் போட்ட முதல் கணக்கில் இது அப்படியே தெரிந்தது. முதல் ஒன்றரை வருஷத்தில் ஆண்டுக்கு 5.1 சதவீதம், அடுத்த ஒன்றரை வருஷத்தில் 1.4 சதவீதம், மூன்று வருஷத்துக்கு மேல் 11.8 சதவீதம். இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது இரண்டு. புது டிரைவை முதல் மாசமே முழுக்க நம்பாதீர்கள். வயசான டிரைவை எந்த மாசமும் நம்பாதீர்கள்.

வீட்டுக்கு எது?

விண்டோஸோ லினக்ஸோ போடுவதற்கு எஸ்எஸ்டிதான். 256 ஜிபி போதும், முடிந்தால் 500 ஜிபி. பழைய கம்ப்யூட்டர் ஊர்கிறது என்று தூக்கிப் போட நினைப்பவர்கள் முதலில் ஒரு எஸ்எஸ்டி மாட்டிப் பாருங்கள். ஃபோட்டோ, வீடியோ, பழைய பாடம் என்று மொத்தமாகக் கொட்டி வைக்கச் சுழலும் டிரைவ் போதும். ஒரு ஜிபிக்கு ஆகும் செலவில் அதுதான் மலிவு.

"எஸ்எஸ்டி எழுத எழுதத் தேயுமாமே?" தேயும். ஆனால் கணக்கைப் பாருங்கள். ஒரு நல்ல 500 ஜிபி எஸ்எஸ்டிக்கு 300 டிபி வரை எழுத உத்தரவாதம் இருக்கும். தினம் 20 ஜிபி எழுதினாலும் வருஷத்துக்கு 7.3 டிபிதான். 41 வருஷம் வரும்! தேய்ந்து சாகும் எஸ்எஸ்டியை விட, கரண்ட் கோளாறிலோ கண்ட்ரோலர் பழுதிலோ திடீரென்று சாகும் எஸ்எஸ்டிதான் அதிகம். சுழலும் டிரைவ் சாகும் முன் பல சமயம் "டிக் டிக்" என்று முனகும். எஸ்எஸ்டி முனகாது. நேற்று இருந்தது, இன்று பயாஸிலேயே தெரியாது.

இன்னொன்று. எஸ்எஸ்டியைக் கழற்றி பீரோவில் வைத்துவிட்டு வருஷக்கணக்கில் மறந்துவிடக் கூடாது. மின்னூட்டம் மெல்லக் கசியும். எழுதும் திறனை முழுக்கப் பயன்படுத்தித் தீர்த்த வீட்டு ரக எஸ்எஸ்டி, கரண்ட் இல்லாமல் 30 டிகிரி வெப்பத்தில் ஒரு வருஷம் தகவலைக் காக்க வேண்டும் என்பதே ஜெடெக் அமைப்பின் அளவுகோல். வெப்பம் ஏறினால் காலம் குறையும். நம்ம ஊர் சித்திரை வெயிலில் ஓட்டு வீட்டுப் பீரோவுக்குள் எத்தனை டிகிரி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

சுழலும் டிரைவ் வாங்கும்போது சிஎம்ஆர், எஸ்எம்ஆர் என்ற இரண்டு சொல்லைக் கேட்டுக்கொள்ளுங்கள். சிஎம்ஆரில் தடங்கள் தனித்தனி. எஸ்எம்ஆரில் கூரை ஓடு அடுக்குவது போல ஒரு தடத்தின் மேல் அடுத்த தடம் கொஞ்சம் ஏறி இருக்கும். இடம் மிச்சம். ஆனால் நடுவில் ஒரு ஓட்டை மாற்ற வேண்டுமானால் பக்கத்து ஓடுகளையும் பிரிக்க வேண்டுமல்லவா? அதே கதைதான். தொடர்ந்து எழுதினால் திணறும். வெஸ்டர்ன் டிஜிட்டல் தன் ரெட் வரிசையில் சில மாடல்களில் சொல்லாமல் கொள்ளாமல் எஸ்எம்ஆர் வைத்திருந்தது 2020-இல் வெளியே வந்து பெரிய சண்டையானது. அதற்குப் பிறகு கம்பெனிகள் எது எந்த ரகம் என்ற பட்டியலை வெளியிடுகின்றன. பேக்கப்புக்கு மட்டும் என்றால் எஸ்எம்ஆர் பரவாயில்லை. தினசரி வேலைக்கு சிஎம்ஆர் கேளுங்கள்.

கடைக்குப் போனால்...

கீழ ராஜ வீதியில் வாங்கினாலும் சரி, திருச்சியில் வாங்கினாலும் சரி, சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் வரை போனாலும் சரி, இந்தப் பேச்சு நடக்கும்.

"அண்ணே, 1 டிபி டிரைவ் வேணும்."

"இந்தா தம்பி, பக்கா பீஸ். பில் இல்லாம எடுத்தா முன்னூறு ரூபாய் கம்மி."

அந்த முன்னூறு ரூபாய்க்கு ஆசைப்படாதீர்கள். பில்லில் சீரியல் நம்பர் எழுதி வாங்குங்கள். அந்த நம்பரைக் கம்பெனியின் வாரண்டிப் பக்கத்தில் அடித்தால், வாரண்டி இந்தியாவில் செல்லுமா, எது வரை என்று தெரியும். டெஸ்க்டாப் ரகத்துக்குப் பெரும்பாலும் 2 வருஷம், நாஸ் ரகத்துக்கு 3, எண்டர்பிரைஸ் ரகத்துக்கு 5. ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். வாரண்டியில் டிரைவ் திரும்ப வரும், தகவல் திரும்ப வராது.

புதுசு என்று சொல்லிப் பழசைத் தலையில் கட்டுவதும் உண்டு. 2025 தொடக்கத்தில் ஜெர்மனியில் ஒரு மோசடி வெளியானது. ஆயிரக்கணக்கான மணி நேரம் ஓடிய சீகேட் எண்டர்பிரைஸ் டிரைவ்களின் ஓடிய நேரக் கணக்கைப் பூஜ்யமாக்கிப் புதுசாக விற்றிருந்தார்கள். உள்ளே இருக்கும் ஃபார்ம் என்ற இன்னொரு பதிவு அழியாமல் இருந்ததால் பிடிபட்டது. ஐரோப்பாவிலேயே இந்தக் கதை என்றால் நாம் உஷாராக இருக்க வேண்டாமா? வீட்டுக்கு வந்ததும் கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச புரோகிராமில் ஓடிய நேரத்தைப் பாருங்கள். சீகேட் என்றால் ஃபார்ம் பதிவையும் ஸ்மார்ட்மான்டூல்ஸ் கொண்டு பார்க்கலாம். பிறகு முழுக் கொள்ளளவும் ஒரு முறை எழுதிப் படித்துச் சோதியுங்கள். ஆயிரம் ரூபாய்க்கு 16 டிபி என்று விளம்பரம் வந்தால் சிரித்துவிட்டு நகருங்கள்.

1 டிபி வாங்கினால் கம்ப்யூட்டரில் 931 ஜிபிதான் காட்டுகிறது என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். கம்பெனி ஆயிரம் ஆயிரமாகப் பெருக்குகிறது, விண்டோஸ் 1024-ஆல் வகுக்கிறது. யாரும் திருடவில்லை.

விலை ஏறிவிட்டது என்று பதறவும் வேண்டாம், பயந்துபோய் கிடைத்ததை வாங்கவும் வேண்டாம். 2011-இல் தாய்லாந்து வெள்ளத்தில் வெஸ்டர்ன் டிஜிட்டலின் தொழிற்சாலை மூழ்கியபோது உலகம் முழுக்க விலை கிடுகிடுவென இரட்டித்தது, பிறகு இறங்கியது. பழைய சரக்கும் பெயர் தெரியாத சரக்கும் தலை தூக்குவது இந்த மாதிரி நேரத்தில்தான்.

நம்ம மாவட்டத்துக்கு ஏற்ற மாதிரி

2012-இல் சென்னையைத் தவிர்த்த மாவட்டங்களில் மின்வெட்டு எப்படி இருந்தது என்று வீட்டில் பெரியவர்களைக் கேளுங்கள். 2018 நவம்பர் 16 விடியற்காலை அடித்த கஜா புயலில் நம்ம புதுக்கோட்டை மாவட்டத்தில் தென்னையும் சாய்ந்தது, மின்கம்பமும் சாய்ந்தது. ஆலங்குடி, வடகாடு, கீரமங்கலம் பக்கம் எத்தனையோ கிராமங்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. இப்போது நிலைமை எவ்வளவோ மேல். ஆனாலும் கோடை மழைக்கு ஒரு கிளை முறிந்தால் போதும், கரண்ட் போய் வரும்.

திடீரென்று கரண்ட் போனால் டிரைவுக்குள் என்ன நடக்கிறது தெரியுமா? ஈஈஈ நண்பர்கள் ரசிக்கும் விஷயம் இது. சுழன்றுகொண்டிருக்கும் மோட்டார் அந்தக் கணம் ஜெனரேட்டராக மாறுகிறது. அதில் பிறக்கும் மின்சாரத்தைக் கொண்டு ஹெட்டைத் தட்டில் இருந்து தூக்கி ஓரமாக நிறுத்திவிடுகிறது. அருமையான ஏற்பாடு, ஆனால் அவசரத்துக்கு மட்டும். தினம் நாலு தடவை இதைச் செய்யவிட்டால் தேய்மானம் கூடும். அந்த நேரம் எழுதிக்கொண்டிருந்த ஃபைல் பாதியில் நிற்கும். விலையுயர்ந்த எஸ்எஸ்டிகளில் கரண்ட் போனால் தாங்க கெப்பாசிட்டர் வைத்திருப்பார்கள். வீட்டு ரகத்தில் பெரும்பாலும் கிடையாது.

ஆகவே டிரைவுக்குப் பணம் ஒதுக்கும்போதே ஒரு யுபிஎஸ்ஸுக்கும் ஒதுக்குங்கள். பத்து நிமிஷம் தாங்கினால் போதும், ஒழுங்காக ஷட்டவுன் செய்துவிடலாம். எர்த் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். பெயர் தெரியாத எஸ்எம்பிஎஸ்ஸைத் தவிர்த்துவிடுங்கள். டிரைவுக்குப் போகும் 12 வோல்ட்டும் 5 வோல்ட்டும் அதில் இருந்துதான் வருகின்றன.

வெப்பத்தைப் பற்றி ரொம்பப் பயப்பட வேண்டாம். கூகுள் 2007-இல் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட டிரைவ்களை ஆராய்ந்தபோது, நடுத்தர வெப்பத்துக்கும் பழுதுக்கும் நாம் நினைக்கிற அளவு தொடர்பு இல்லை என்றே கண்டார்கள். ரொம்ப அதிக வெப்பமும் வயசான டிரைவும் சேர்ந்தால்தான் வம்பு. 45 டிகிரியைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள், மாசம் ஒரு முறை ஃபேனில் தூசி தட்டுங்கள், அது போதும்.

நாடி பிடித்துப் பார்ப்பது

ஒவ்வொரு டிரைவும் தன் உடம்பைத் தானே கவனித்து ஸ்மார்ட் என்ற பதிவில் எழுதி வைக்கிறது. சுழலும் டிரைவில் கவனிக்க வேண்டிய எண்கள் 5, 187, 188, 197, 198. இவற்றின் ரா மதிப்பு பூஜ்யமாக இருந்தால் நிம்மதி. 5-ஓ 197-ஓ ஏறிக்கொண்டே போனால் அன்றைக்கே நகல் எடுங்கள். ஆனால் இதை மட்டும் நம்பிவிடாதீர்கள். அதே கூகுள் ஆய்வில், செத்த டிரைவ்களில் பாதிக்கு மேல் முக்கியமான எச்சரிக்கை எதையும் காட்டாமலேயே செத்தன!

டிரைவ் முனகினால் உடனே கரண்டை நிறுத்துங்கள். ஃப்ரீஸரில் வைப்பது, ஸ்க்ரூவைக் கழற்றி ஊதிப் பார்ப்பது எல்லாம் கூடாது. திறந்த நிமிஷமே நம்ம ஊர்த் தூசி உள்ளே போய்விடும், அப்புறம் நிபுணருக்கும் மீட்பது கஷ்டமாகிவிடும். முறையான மீட்பு வேலை தூசியில்லா அறையில் நடப்பது. அதன் செலவில் நாலைந்து புது டிரைவே வாங்கலாம்.

கடைசியாக, முக்கியமாக

குடுமியான்மலைக் குகைக்கோயில் அருகே பாறையில் வெட்டிய இசைக் கல்வெட்டு 1,300 ஆண்டுகளாக நிற்கிறது. அதற்குக் கரண்டும் வேண்டாம், யுபிஎஸ்ஸும் வேண்டாம். ஆனால் அது கொள்ளும் தகவல் கொஞ்சம். நம் திருக்கோகர்ணத்தில் ஞானாலயா நூலகம் இருக்கிறது. ஒரு லட்சம் அளவில் புத்தகம் சேர்த்த இடம். ஒரு புத்தகத்தை ஸ்கேன் செய்தால் 30 மெகாபைட் என்று வைத்தால், ஒரு லட்சம் புத்தகமும் 3 டிபிக்குள் அடங்கும். ஒரு கையில் தூக்கிக்கொண்டு பஸ் ஏறலாம். அதே கை நழுவினால் ஒரு லட்சமும் ஒரே நொடியில் போகும். கொள்ளளவு கூடக் கூட, விழுந்தால் போவதும் கூடுகிறது.

அதனால் எவ்வளவு நல்ல மாடல் வாங்கினாலும் ஒன்றை மட்டும் நம்பி இருக்காதீர்கள். பட்ஜெட்டில் 2 டிபி ஒன்று வாங்க முடியும் என்றால், 1 டிபி இரண்டு வாங்குங்கள். ஒன்று கம்ப்யூட்டரில் இருக்கட்டும். இன்னொன்று நகல் எடுத்துவிட்டுக் கழற்றி வைக்கட்டும். கழற்றாமல் விட்டால் வைரஸும் இடியும் இரண்டையும் சேர்த்தே கொண்டுபோகும். உயிரான ஃபைல்களுக்கு மூன்றாவது நகல் வெளியூரில் சித்தப்பா வீட்டிலோ இணையச் சேமிப்பிலோ இருக்கட்டும். மாசம் ஒரு தடவை நகலைத் திறந்து ஃபைல் சரியாக வருகிறதா என்றும் பாருங்கள். ப்ராஜக்ட் ரிப்போர்ட் என்றால் தினம் சாயங்காலம் ஒரு நகல். வைவாவுக்கு முந்தின நாள் ஹார்ட் டிஸ்க் படுத்துவிட்டது என்று சொன்னால், எந்த எக்ஸ்டர்னல் எக்ஸாமினரும் நம்பப் போவதில்லை, உண்மையாகவே படுத்திருந்தாலும்!

இந்த மலரைப் படித்து முடித்ததும் ஒரே ஒரு வேலை செய்யுங்கள். உங்களிடம் ஒரே ஒரு நகல் மட்டும் இருக்கும் ஃபைல் எது என்று யோசியுங்கள். இன்று இரவே அதற்கு ஒரு ஜோடி போட்டு வையுங்கள்.

வாழ்க மாணவர் ஒற்றுமை! வளர்க நம் பாலிடெக்னிக்!